தண்ணி கழிச்சுச் சொல்லும் நாகலெட்சுமி

நாகலெட்சுமி அக்கா தக்காளி வாங்க நின்றால் அந்தத் தக்காளிக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிடும். திருப்பிப் பார்ப்பார், காம்பைப் பார்ப்பார், மூக்கில் வைப்பார், கடைக்காரரின் முகத்தைப் பார்ப்பார், மறுபடியும் தக்காளியைப் பார்ப்பார். அரைக் கிலோ வாங்கி முடிப்பதற்குள் கடைக்காரருக்கு ஒரு முழம் தாடி வளர்ந்துவிடும். பொகவந்தலாவையில் ஹட்டன் பஸ் நிற்கிறது, முன்னால் போர்டு இருக்கிறது, கண்டக்டர் தொண்டை கிழியக் கத்துகிறார். அக்கா ஏறமாட்டார். கண்டக்டரிடம் கேட்பார், டிரைவரிடம் கேட்பார், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறவரிடம் கேட்பார். அவரும் ஹட்டன் என்றால், "நீங்க எதுக்கு ஹட்டன் போறீங்க" என்று விசாரித்துவிட்டுத்தான் காலைத் தூக்கிப் படியில் வைப்பார்.

இப்படிப்பட்ட ஒருவரின் கையில் ஒரு புத்தகம் மாட்டினால் அந்தப் புத்தகத்தின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

அக்காவுக்கு ஐம்பது வயது. எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் கொழுந்து எடுக்கிறார். வரிசை வீடான லயத்தில் அவருக்கு மூன்றாவது காம்பரா, எனக்கு ஐந்தாவது. நான் ஆட்டோ ஓட்டுகிறேன். அக்கா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். நான் ஐந்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தேன், இரண்டு தடவையும் புரியவில்லை. அதனால்தான் அக்கா எந்தப் புத்தகத்தையும் முதலில் என்னிடம் தருவார். "வினோஜா, ஒனக்கே வெளங்குதுன்னா ஊருக்கே வெளங்கும்" என்பார். இதைப் பாராட்டு என்று நினைத்து நான் ஒரு வருடம் சந்தோசமாகத் திரிந்தேன்.

கோயிலுக்குப் பக்கத்தில் பழைய பிள்ளைக்காம்பரா ஒன்று சும்மா கிடந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கீழே புதுக் கட்டடம் வந்த பிறகு அங்கே ஆடுகள்தான் படுத்தன. ஒன்பது வருடத்துக்கு முன் கொழும்பிலிருந்து யாரோ வந்தார்கள். ஆடுகளைத் துரத்தினார்கள், ஓர் அலமாரியை வைத்தார்கள், நூற்று நாற்பது புத்தகங்களை அடுக்கினார்கள், முன்னால் நின்று முந்நூறு போட்டோ எடுத்தார்கள், போனார்கள். சாவி இளைஞர் சங்கத்திடம் இருந்தது. இளைஞர்கள் ஒவ்வொருவராகக் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போனார்கள். கடைசியாகப் போனவன் சாவியை எங்கே வைப்பது என்று தெரியாமல் பக்கத்தில் இருந்த அக்காவிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினான்.

அக்கா அந்த அலமாரியைத் திறந்ததும் முதலில் சந்தேகப்பட்டது, இதையெல்லாம் ஏன் சும்மா கொடுத்தார்கள் என்றுதான்.

"நல்ல சாப்பாட்ட எவனாச்சும் ஊரு விட்டு ஊரு கொண்டாந்து கொட்டுவானா? அவனுக்கு வேணாம்னுதான் கொண்டாந்திருக்கான்."

சந்தேகம் பொய்யாகவில்லை. இறால் வளர்ப்பது பற்றி மட்டும் ஏழு புத்தகங்கள் இருந்தன. எங்கள் மலையில் இறாலை எங்கே வளர்ப்பது, தண்ணித் தொட்டியிலா? எப்போதோ செத்துப்போன கம்பியூட்டரைப் பழகுவது எப்படி என்று நான்கு. யாரோ ஒரு பெரியவருக்கு அறுபது வயதானதற்காகப் போட்ட மலர் ஒன்று, அதில் அந்தப் பெரியவரின் படம் மட்டும் நாற்பத்திரண்டு. அக்கா அத்தனையையும் வாசித்தார். இறால் புத்தகத்தைக்கூட விடவில்லை. வாசித்து முடித்துவிட்டு, "இந்தாளு இறால் வளத்ததே இல்ல, கையில ஒரு கீறலு இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார்.

கொழுந்து நிறுக்கும் விசயம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பெண்கள் கூடையில் எடுத்த கொழுந்தைச் சாக்கில் கொட்டிக்கொண்டு மடுவத்துக்கு வருவார்கள். மடுவம் என்றால் ரோட்டோரத்தில் நாலு தூண், மேலே தகரம். கணக்கப்பிள்ளை சாக்கைத் தராசில் மாட்டுவார். முள் இருபதில் நின்றால் அவர் வாயில் பதினெட்டு என்று வரும். கேட்டால், கொழுந்து ஈரம், தண்ணிக்குக் கழிவு. மழை நாளில் அது சரி. பங்குனி மாதத்தில் பாறை பொரியும் வெயிலிலும் தண்ணிக்குக் கழிவு உண்டு. எங்கே ஐயா தண்ணி என்றால், வேர்வை என்பார்கள்.

முப்பது வருடம் இப்படிக் கழிபட்ட அக்கா, புத்தகத்துக்கும் தண்ணி கழிக்க ஆரம்பித்தார்.

முதலில் முன்பக்கம். எங்கள் நாட்டில் ஒரு புத்தகத்தைத் திறந்தால் கதை உடனே வந்துவிடாது. வாழ்த்துரை வரும், அணிந்துரை வரும், ஆசியுரை வரும், முன்னுரை வரும், என்னுரை வரும். கதை வருவதற்குள் வாசிக்கிறவருக்குப் பேரப்பிள்ளை பிறந்துவிடும். "மூணு பேரு சேந்து ஒருத்தன நல்லவன்னு சொன்னா அவன் வீட்டுக்குப் பொண்ணு குடுக்காத" என்று அந்தப் பக்கங்களை அக்கா மொத்தமாகக் கழித்துவிடுவார். பிறகு கதைக்குள் இறங்குவார். மலையகத்தைப் பற்றி எழுதியிருந்தால் அட்டை கடிக்கிறதா என்று பார்ப்பார். "எரநூறு பக்கம் தேயிலைக்குள்ள நடக்குறான், ஒரு அட்ட கடிக்கலயே. எழுதுனவன் காருக்குள்ள இருந்தே பாத்துட்டுப் போயிருக்கான்." கெட்டவன் காலையிலிருந்து பொழுது சாயும் வரை கெட்டவனாகவே இருந்தால் அதற்குக் கழிவு. நல்லவனுக்குச் சளியே பிடிக்காவிட்டால் அதற்கும் கழிவு.

கடைசிச் சோதனைதான் பெரியது. மலையில் வரிசையாக நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கும்போது பக்கத்து நிரைக்காரிக்கு அந்தக் கதையைச் சொல்வார். இவர் நிறுத்தும்போது அவள் "பொறகு?" என்று கேட்கவேண்டும். கேட்காவிட்டால் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். கேட்டால் அதற்கு உறை கிடைக்கும்.

உறைதான் அக்காவின் பெரிய தந்திரம். பழைய கலண்டர் தாளால் புத்தகத்தை இறுக்கிச் சுற்றிவிடுவார். பெயர் தெரியாது, எழுதியவர் தெரியாது, பின்பக்கத்துப் புகழ்ச்சி தெரியாது. உள்ளே பெயர் போட்ட பக்கத்தையும் பசை போட்டு ஒட்டிவிடுவார். உறையில் பென்சிலால் இவ்வளவுதான் இருக்கும்: 'பக்கம் 180. தண்ணிக்குக் கழிவு 45.' வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் யார் எழுதியது என்று சொல்வார். மாப்பிள்ளையின் முகத்தைக் காட்டாமல் கல்யாணம் முடிப்பது போல.

ஒருநாள் சுதர்ஷினி, தையல் கடையில் வேலை செய்கிற பிள்ளை, ஃபோனைக் கொண்டுவந்து நீட்டினாள். "அக்கா, கட்டாயம் வாசிக்க வேண்டிய நூறு புத்தகம்னு ஒருத்தர் போட்டிருக்காரு. ஆறாயிரம் பேரு லைக் பண்ணியிருக்காங்க."

"நூறையும் இவரு வாசிச்சிட்டாரா?"

"வாசிக்காம போடுவாரா அக்கா?"

"அப்ப அந்த நூறுல ஒண்ணக்கூட அவருக்குப் புடிக்காம போகலயா? நூறு பேர கட்டிக்கிட்டு நூறு பேரும் தங்கம்னு சொல்றவன் பேச்ச நம்புவியா நீ?"

சுதர்ஷினி ஃபோனை மூடிவிட்டு அலமாரியைப் பார்த்தாள்.

இப்படி ஆள் ஆளாக வந்தார்கள். காவல்காரர் வந்தார், பெண்கள் வந்தார்கள், கீழ் டிவிசனிலிருந்தும் வந்தார்கள். அக்கா எந்தப் புத்தகத்தையும் நல்லது என்று சொல்லமாட்டார், அதனால்தான் அவர் சொல்லை எல்லோரும் நம்பினார்கள். இத்தனை வருடத்தில் பத்துப் பக்கத்துக்குக் குறைவாகக் கழிவு போட்ட புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது.

அந்த அறையின் மேல் இன்னொருவருக்கும் கண் இருந்தது. கோயில் கமிட்டித் தலைவர் ஜீவராஜ். கமிட்டிக்கு நூற்றைம்பது பிளாஸ்டிக் கதிரைகள் வந்திருந்தன, வைக்க இடமில்லை. மாதம் ஒருமுறை வந்து வாசலில் நின்று அறையை அளப்பது போலப் பார்ப்பார்.

"ஆளுங்க வர்றாங்கனுதான் விட்டு வச்சிருக்கோம் நாகு. வராத அன்னிக்குச் சொல்லு, கதிரைய எறக்கிடுறோம்."

"வராத அன்னிக்கு நானே தூக்கிவைக்கிறேன் அண்ணே" என்பார் அக்கா.

போன தீபாவளிக்கு முன்னால் டிக்கோயாவில் ஒருவர் என் ஆட்டோவில் ஏறினார். கணேசமூர்த்தி. எங்கள் டிவிசனில் இருபத்தைந்து வருடம் கொழுந்து நிறுத்த கணக்கப்பிள்ளை. ஓய்வு எடுத்து டிக்கோயாவில் வீடு கட்டிப் போனவர். அவர் கை வைத்தால் தராசு அழும் என்று பெண்கள் சொல்வார்கள். எங்கள் மலையில் கொழுந்து எடுக்கும் காளியாயி அத்தை இன்றைக்கும் உடம்பைக் கழித்துவிடுகிற காய்ச்சலுக்குக் கணேசமூர்த்திக் காய்ச்சல் என்றுதான் பெயர் சொல்வார். அந்த மனிதர் மடியில் ஒரு துணிப் பார்சலைக் குழந்தை போல வைத்துக்கொண்டு, "நாகலெட்சுமி வீட்டுக்குப் போகணும் தம்பி" என்றார். வளைவில் ஆட்டோ ஒருமுறை தேயிலைக்குள் போய்விட்டு வந்தது.

இரண்டு மணி நேரம் உள்ளே இருந்தார். வரும்போது கையில் பார்சல் இல்லை.

நான் அன்றைக்கே கேட்டேன். "என்னா அக்கா, பழைய தராசு வந்து போகுது?"

"ஒனக்கு சவாரி கெடச்சிச்சில்ல, போ" என்றார் அக்கா.

சேலையாக இருக்கும் என்று முதல் வாரம் நினைத்தேன். நகையாக இருக்கும் என்று இரண்டாம் வாரம் நினைத்தேன். மூன்றாம் வாரம் அந்தப் பார்சலுக்குள் ஒரு தேயிலைத் தொழிற்சாலையே இருந்திருக்கும் என்று தோன்றியது. அக்காவின் காதையும் கழுத்தையும் தினமும் பார்த்தேன். புதிதாக ஒன்றும் ஏறவில்லை. அது இன்னும் பெரிய சந்தேகத்தைக் கொடுத்தது.

மாசி மாதம் அக்கா ஒரு புத்தகத்தை என்னிடம் தந்தார். கலண்டர் உறை, பென்சில் எழுத்து: 'பக்கம் 168. தண்ணிக்குக் கழிவு 6.'

ஆறு. நான் உறையைத் தேய்த்துப் பார்த்தேன், அறுபதில் ஒரு சைபர் அழிந்துவிட்டதோ என்று. அழியவில்லை.

"வாசி" என்றார் அக்கா. அதுவும் புதிது. அவர் யாரையும் வாசி என்று சொன்னதில்லை. சுதர்ஷினியிடமும் அப்படியே சொல்லியிருக்கிறார், காவல்காரரிடமும் சொல்லியிருக்கிறார், காளியாயி அத்தைக்கு வாசிக்கத் தெரியாது என்று தெரிந்தும் வீட்டில் யாரையாவது வாசிக்கச் சொல் என்று அவர் கூடையிலேயே ஒன்றைப் போட்டுவிட்டிருக்கிறார். ஒரே புத்தகத்தில் நாலு பிரதி எப்படி வந்தது என்று எனக்கு மூளைக்குள் ஒரு அட்டை ஊர்ந்தது.

சந்தேகத்தோடுதான் வாசித்தேன். ஆட்டோ ஸ்டாண்டில் சவாரிக்கு நடுவில் ஒரு பக்கம், அரைப் பக்கம். ஒரு கணக்கப்பிள்ளை தன் கதையைத் தானே சொல்கிற புத்தகம். தராசுக்கு எப்படிக் கண் கட்டுவது, கண்டாக்கு ஐயா வரும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது, எல்லாம் இருந்தது. கண்டாக்கு என்றால் தோட்டத்தில் கணக்கப்பிள்ளைகளுக்கு மேலே இருக்கிற உத்தியோகத்தர். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஆட்டோக்காரர் தன் ஆட்டோவைத் தள்ளி நிறுத்தினார். நூறாவது பக்கத்துக்குப் பக்கத்தில் சோறு போடுகிற ஓர் இடம் வரும். அங்கே சிரிப்பு நின்றது. ஒரு சவாரிக்காரர் வந்து நின்று, கூப்பிட்டு, திட்டிவிட்டு, வேறு ஆட்டோவில் போய்விட்டார். நான் பார்க்கவில்லை.

முடிக்கப் பத்துப் பக்கம் இருக்கும்போது மழை பிடித்தது. ஆட்டோ ஒழுகி உறை நனைந்தது, கலண்டர் தாள் கிழிந்து கையோடு வந்தது. உள்ளே இருந்த முன்னட்டையில் எழுதியவரின் பெயர் பெரிதாக இருந்தது. கணேசமூர்த்தி. பின்பக்கம் அவர் படம், அதே மீசை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பார்சல். இரண்டு மணி நேரம். ஆறு பக்கக் கழிவு. வாசி, வாசி என்று நாலு பேரிடம். அக்காவை வாங்கிவிட்டான்.

ஆட்டோக்காரன் வாயில் ஒரு விசயம் விழுந்தால் அது ரோட்டில் விழுந்தது போலத்தான். நான் டிக்கோயாவில் சொன்னதை நான் போய்ச் சேர்வதற்கு முன்னால் பொகவந்தலாவையில் எனக்கே திருப்பிச் சொன்னார்கள். அதில் பார்சல் இரண்டாகியிருந்தது.

மறுநாளிலிருந்து புத்தகங்கள் திரும்பி வந்தன. வாசித்தவை, வாசிக்காதவை, பாதியில் மடித்தவை. நாலு நாளில் இருபத்து மூன்று. காளியாயி அத்தை தன் கூடையில் போட்டதை அறை வாசலில் வைத்துவிட்டு, "இருவத்தஞ்சு வருசம் அவன் கழிச்சது போதும் நாகு. நீயும் சேந்து கழிக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார். சுதர்ஷினி மேசையில் வைத்துவிட்டு அக்காவின் முகத்தைப் பார்க்காமல் போனாள். ஐந்தாம் நாள் ஒருவரும் வரவில்லை. ஆறாம் நாள் ஜீவராஜ் வந்தார், இரண்டு பேர் தலையில் இருபது கதிரைகளோடு.

"இருவதுதான் நாகு, இப்போதைக்கு. மிச்சத்த ஞாயித்துக்கெழம எறக்கிடுவோம்."

அக்கா சொன்ன சொல் தவறாமல் ஒரு கதிரையைத் தானே தூக்கி மூலையில் வைத்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் என் சந்தேகம் என்னை விடவில்லை.

ஜீவராஜ் போனதும் கேட்டேன். "அந்தப் பார்சல்ல என்னாதான் இருந்திச்சு அக்கா?"

"நீ என்னானு ஊருக்குச் சொன்ன?"

"நான் சேலன்னுதான் சொன்னேன். ஊருதான் நகையாக்கிச்சு."

அக்கா அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து அந்தத் துணிப் பார்சலை எடுத்து அவிழ்த்தார். பதினொரு கொப்பிகள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற கொப்பிதான். முழுக்கக் கையெழுத்து. பக்கத்துக்குப் பக்கம் அக்காவின் பென்சில் கோடு, ஓரத்தில் தண்ணி, தண்ணி, தண்ணி.

"முன்னூறு பக்கம் எழுதிக்கிட்டு வந்தாரு. வேற யார்கிட்ட குடுத்தாலும் நல்லாருக்குன்னு சொல்லிப் பொன்னாட போத்திடுவாங்க, நீதான் என்ன திட்டுவ, கழிச்சிக் குடுன்னாரு. பாதி தண்ணி. இவரு நெலாவப் பாக்குறாரு, நெலா இவரப் பாக்குது. கழிச்சேன். வாயே தொறக்காம வாங்கிட்டுப் போயி அச்சடிச்சி, நாலு பிரதியோட கொப்பியயும் திருப்பிக் கொண்டாந்தாரு."

"ஆறு பக்கம் மட்டும் ஏன் விட்டீங்க?"

"அது நான் கழிச்சும் கேக்காம அவரு போட்டது. தன்ன நல்லவன்னு சொல்ற எடம்."

"வீட்டுக்கு வந்தப்ப தேத்தண்ணி குடுத்தீங்களா?"

"குடுத்தேன். சீனி கழிச்சி."

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

"எனக்கு அந்தாளப் புடிக்காது வினோஜா. இன்னிக்கும் புடிக்காது. மழையில ஊறிக்கிட்டு நின்னு இருவது கிலோவ பதினாறா கேட்டுட்டு வந்தவ நான். ஆனா புத்தகம் நல்லாருக்கு. நான் என்னா பண்றது? நல்லால்லனு சொன்னா அவன் தராசு மாதிரி ஆயிடும் என் வாயி."

"பேர மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லியிருந்தா நீ வாசிச்சிருப்பியா?"

"தொட்டுக்கூடப் பாத்திருக்கமாட்டேன்."

"வாசிக்கும்போது சவாரி போச்சாமே ஒனக்கு. ஸ்டாண்டுல சொன்னாங்க."

"போச்சு."

"அப்ப நான் போட்ட கழிவு சரியா, தப்பா? அத மட்டும் சொல்லு."

நான் தலையைச் சொறிந்தேன். அக்கா கிழிந்த உறையோடு இருந்த என் பிரதியை எடுத்து என் கையில் வைத்தார்.

"கொட்டுனது நீ. நீயே அள்ளு. நாளைக்கு மடுவத்துக்கு வா."

மறுநாள் மத்தியானம் தூறல். மடுவத்துத் தகரத்துக்குக் கீழே முப்பது பெண்கள், தலையில் சாக்கு, இடுப்பில் படங்குத் துணி, காலடியில் கொழுந்து. இப்போது தராசு லொறியில்தான் வருகிறது, முள் கிடையாது, சிவப்பு எண்தான். எண் மாறினாலும் கழிவு மாறவில்லை. லொறி எங்கேயோ வளைவில் நின்றுவிட்டதாம். எல்லோரும் அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

"வினோஜன் ஒரு பக்கம் வாசிப்பான். லொறி வந்தா நிறுத்திடுவான்" என்றார் அக்கா.

"எவன் புத்தகம்னு எங்களுக்குத் தெரியும்" என்றார் காளியாயி அத்தை.

"தெரிஞ்சே கேளு. இனி உறை கெடையாது."

என் வாசிப்பு எப்படி என்றால், கவ்வாத்து வெட்டிய மலையில் செருப்பில்லாமல் நடப்பது போல. ஒவ்வொரு எழுத்தும் குத்தும். ஒரு வரிக்கு நான் மூன்று தடவை எச்சில் விழுங்கினேன். சோறு போடுகிற இடத்தை எடுத்தேன்.

'அன்றைக்குக் கண்டாக்கு ஐயா எனக்குப் பின்னால் நின்றார். அடுத்த சாக்கு என் அம்மாவுடையது. மாட்டினேன். முள் இருபத்தொன்றில் நின்றது. நான் பதினெட்டு என்று சொன்னேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, தராசையும் பார்க்கவில்லை. சாக்கை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.'

முதுகு காட்டி நின்றவர்களில் பாதிப் பேர் திரும்பியிருந்தார்கள். எனக்கு 'கக்கத்தில்' என்பதில் நாக்கு சிக்கிக்கொண்டது.

"வாசிடா" என்றார் யாரோ.

'வீட்டுக்குப் போனேன். அம்மா சோறு போட்டார். எப்போதும் நாலு கரண்டி போடுகிறவர் இரண்டோடு நிறுத்தினார். ஏம்மா என்று கேட்டேன். சோறு ஈரமா இருக்குப்பா, தண்ணிக்குக் கழிச்சிட்டேன் என்றார். சாகும் வரைக்கும் எனக்கு இரண்டு கரண்டிதான் போட்டார்.'

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு முப்பது பேரும் சிரித்தார்கள். கொழுந்துச் சாக்கெல்லாம் குலுங்கின. சிரித்து முடியும்போது சிலர் படங்கின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், அது தூறலுக்காக என்று வைத்துக்கொள்வோம். லொறி வந்து ஹோர்ன் அடித்தது. ஒருவரும் நகரவில்லை.

காளியாயி அத்தை மட்டும் சிரிக்கவில்லை. முன்னால் வந்தார்.

"எத்தன கிலோனு எழுதியிருக்கான்?"

"மூணு அத்த. இருவத்தொண்ணு, அத பதினெட்டுனு."

"நாலு."

"புத்தகத்துல மூணுதான் இருக்கு."

"அன்னிக்கு அவன் ஆத்தா எனக்குப் பக்கத்து நிரை. சாக்க தூக்கிவிட்டதே நானு. முள்ளு இருவத்தொண்ணுல நின்னிச்சு, பதினேழுன்னான். என் ரெண்டு காதால கேட்டேன்." அத்தை எல்லோரையும் திரும்பிப் பார்த்தார். "புத்தகத்துலயும் ஒரு கிலோவ கழிச்சிட்டான் பாருங்கடி."

நான் அக்காவைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குத் தெரியாமல் ஒரு தண்ணி நழுவிப் போயிருந்தது. அக்காவின் முகத்தில் ஆட்டோ பள்ளத்தில் விழுந்தது போல ஒரு ஆட்டம் வந்து போனது.

"நான் அப்ப கீழ் டிவிசன்" என்றார் மெதுவாக.

"மத்த எடத்துல என்னென்னத்த கழிச்சிருக்கானோ" என்றார் காளியாயி அத்தை. என் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கி மழை படாமல் படங்குக்குள் சொருகிக்கொண்டார். "எல்லாத்தையும் பாக்கணும். சுதர்ஷினிய வாசிச்சுக் காட்டச் சொல்றேன். அடுத்து யாருக்கு வேணும்னு நாகுகிட்ட பேரு குடுங்க. ஆளுக்கு ஒரு தப்பாச்சும் கண்டுபிடிக்கணும்."

அன்று சாயந்தரம் அறையில் நிற்க இடமில்லை. நம்பி வந்தவர் ஒருவரும் கிடையாது. கணேசமூர்த்தியைப் பிடிக்கவேண்டும் என்று வந்தவர்கள்தான் அத்தனை பேரும். நாலு பிரதியை நாற்பது பேர் கேட்டார்கள். கிடைக்காதவர்கள், எழுதுகிறவன் எல்லாம் இப்படித்தான் கழிப்பானோ என்ற சந்தேகத்தில் மற்றப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இறால் புத்தகங்களில் இரண்டுகூடப் போய்விட்டன. ஞாயிற்றுக்கிழமை ஜீவராஜ் மிச்சக் கதிரைகளோடு வந்து பார்த்தபோது, முதல் இருபது கதிரைகளிலும் ஆட்கள் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். காளியாயி அத்தைக்குப் பக்கத்தில் சுதர்ஷினி சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். அத்தை நிமிர்ந்து பார்த்து, "நல்லவேள, இன்னும் நாலு கொண்டாங்க தலைவரே, எடம் போதல" என்றார். தலைவர் நாலு கதிரைகளை இறக்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் டிக்கோயாவில் கணேசமூர்த்தி என் ஆட்டோவில் ஏறினார். ஹட்டனுக்குப் போகிறாராம். நான் வாயை அடக்கி ஒரு கிலோமீட்டர் ஓட்டினேன். அதற்கு மேல் முடியவில்லை. காளியாயி அத்தை சொன்னதைச் சொல்லி, "மூணா நாலா சார்?" என்றேன்.

கண்ணாடியில் பார்த்தேன். ரோட்டுப் பக்கம் திரும்பியிருந்தார். ஹட்டன் வந்து, இறங்கி, குடையை விரித்த பிறகு சொன்னார்.

"நாலுதான் தம்பி. எழுதுறப்ப கை போகல."

அன்றைக்கே அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ஒத்துக்கொண்டுவிட்டாரே, அக்காவின் மனம் கொஞ்சம் இளகும் என்று நினைத்தேன். அக்கா அலமாரியைத் திறந்து, திரும்பி வந்திருந்த ஒரு பிரதியை எடுத்து, பென்சிலை நாக்கில் தொட்டார். உறைக்குப் பதிலாக முதல் பக்கத்தில் எழுதியிருந்த கழிவு 6 என்பதற்குப் பக்கத்தில் எழுதினார்: 'ஒரு கிலோ.'

"அதான் ஒத்துக்கிட்டாரே அக்கா."

"ஆட்டோவுக்குள்ள ஒன்கிட்ட ஒத்துக்கிட்டாரு. புத்தகத்துல இன்னும் மூணுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அக்கா அலமாரியைப் பூட்டினார். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு என்னையும் ஒருமுறை இழுக்கச் சொன்னார்.